அரைவேக்காட்டு முட்டை இரண்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டம்ளரில் உடைத்து ஊற்றி, இரண்டு சொட்டு சோயாவும் தாராளமாக மிளகுத்தூளும் போட்ட பாதி வெந்த முட்டையிலிருந்து வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை தரிசனமாக இறங்குமாம், பேட்டிகளில் சொல்கிறார்கள். எனக்கு இறங்கியது முட்டை. இதற்கு மேல் அதை உயர்த்திச் சொல்ல எனக்குத் திறமை போதாது.

நான் ஹாங்காங்கில் படங்களுக்கு வசனம் எழுதுகிறவன். பெயர் லோ பாக்மான். போஸ்டரில் தேட வேண்டாம். என் பெயர் வரவேண்டிய மூலையில் நூடுல்ஸ் விளம்பரம் போட்டிருப்பார்கள்.

இப்போது என் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில், நாங்கள் எடுத்திருக்கும் ரீமேக் படத்தின் கடைசி வசனத்தை எழுதவேண்டும். முதலாளி திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. அதைப் பார்க்கப் பயந்து மற்ற தாளில் இந்தக் கதையை எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"விக்டோரியா துறைமுகத்தின் நீரில் மாலைச் சூரியன் தன் பொன்முகத்தைக் கழுவிக்கொண்டிருந்த வேளையில், ஆயிரம் பெண்களின் கனவான அந்த மனிதன்—"

வேண்டாம். எங்கள் துறைமுகத் தண்ணீரில் யாரும் முகம் கழுவ மாட்டார்கள், சூரியன் உட்பட.

இரண்டாம் முயற்சி:

"காதல் என்பது யாது? ஆதிமனிதன் குகையில்—"

குகை வரைக்கும் போனால் திரும்பிவர திங்கட்கிழமை ஆகிவிடும்.

மூன்றாம் முயற்சி:

"சித்தோ கின்ஹோ ஒரு பொம்பளைப் பொறுக்கி."

இது நல்ல வாக்கியம். சின்னது, உண்மையானது, ஊரே ஒப்புக்கொள்வது. ஆனால் இதற்குப் பிறகு அவரை உங்களுக்குப் பிடிக்கவைக்க நான் படாத பாடு படவேண்டும். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

3

சித்தோ கின்ஹோ ஒரு பொம்பளைப் பொறுக்கி. ஐம்பதை நெருங்கும் நட்சத்திரம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அந்தக் கன்னம் எப்போதும் கேமரா பக்கம் இருக்கும். பெண்களையெல்லாம் "கண்ணு" என்பார், ஆண்களையெல்லாம் "தம்பி" என்பார். பாசத்தால் அல்ல. யார் பெயரும் நினைவில் நிற்காது. தப்பான பெயரைத் தப்பான வீட்டில் சொல்லி ஒருமுறை மூக்குடைந்ததிலிருந்து வந்த முன்னெச்சரிக்கை. பத்து வருஷமாக அவருக்கு வசனம் எழுதுகிறேன். எனக்கும் அவர் வைத்த பெயர் "தம்பி"தான்.

எங்கள் முதலாளி பெயர் கம். படத்தைத் தயாரிப்பவரும் அவரே, இயக்குபவரும் அவரே. இன்னொருவருக்குச் சம்பளம் எதற்கு என்பது அவருடைய கலைக்கொள்கை. பல வருஷங்களுக்கு முன்னால் அவர் 'பட்டாம்பூச்சிக்கு வீடில்லை' என்றொரு படம் எடுத்தார். ரீலுக்கொரு பெண்ணாக மயக்கிக்கொண்டே போகும் நாயகன் மேல் கடைசி ரீலில் லாரி ஏறிவிடும். ஜனங்கள் கைதட்டினார்கள். இந்த வருஷம், ரௌடி ஒருவன் மொட்டையடித்துத் துறவியாகும் படத்தைப் போட்டி கம்பெனிக்காரன் எடுத்து, அது ஓடோ ஓடென்று ஓடியது. கம் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இந்த வருஷம் எவனைப் பார்த்தாலும் அழுறான். நம்மாளும் அழணும். பழைய பட்டாம்பூச்சியை எடு. கதை நம்மளுது, எவனுக்கும் காசு குடுக்க வேணாம். லாரியை மட்டும் தூக்கிடு."

"லாரிக்குப் பதிலா?"

"மனசாட்சி" என்றார், பல் குத்திக்கொண்டே. "கப்பல்ல நின்னு கடலைப் பாக்குறான். 'இத்தனை பொண்ணுங்க, இத்தனை வருஷம், நான் என்னத்தைக் கண்டேன்?'னு கேக்குறான். ஒரு நிமிஷம். தியேட்டர் நனையணும்."

(சித்தோ அண்ணன் கைவிட்ட பெண்களெல்லாம் எங்கே, அவர்களுக்கு இந்தக் கதையில் வாயே கிடையாதா என்று ஒரு வாசகி கேட்பார். நியாயம். ஒருவர் மோங் கோக்கில் அழகு நிலையம் நடத்துகிறார், வருஷா வருஷம் அவருக்குக் காலண்டர் அனுப்புகிறார். இன்னொருவர் இந்தப் படத்தின் பூஜையன்று வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி சுட்ட பன்றியை வெட்டக் கத்தியை எடுத்த சித்தோ அண்ணனைக் குறிவைத்துச் செருப்பை வீசினார். அது பன்றிமேல் விழுந்தது. சகுனம் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாததால் அப்படியே வெட்டிச் சாப்பிட்டோம்.)

4

இங்கே ஒரு தொழில் ரகசியம் தேவைப்படுகிறது.

எங்கள் படங்களில் படப்பிடிப்பின்போது குரலைப் பதிவு செய்வதில்லை. வசனத்தாளும் பெரும்பாலும் அன்று காலைதான் போகும், போகாமலும் இருக்கும். நடிகர்கள் வாயை அசைத்தால் போதும். பிறகு டோ குவா வானில், விமானங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியை உரசிக்கொண்டு இறங்கும் தெருவில், ஒரு டப்பிங் கூடத்தில் வேறு ஆட்கள் குரல் கொடுப்பார்கள். அந்தக் காட்சியின் பிலிமை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி ஓடவிடுவார்கள். உதடும் பேச்சும் பொருந்துகிறவரை அதே காட்சி திரையில் சுற்றிச் சுற்றி வரும்.

ஊரே மயங்கும் சித்தோவின் குரல் சோய் அண்ணாச்சியுடையது. வேட்டைக்காரக் குரல், ஆள் தொந்தியோடு தங்கமீன் வளர்க்கிறவர். சித்தோவின் சொந்தக் குரல் வாத்துக் குரல். அதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை பேரை மயக்கினார் என்று கேட்டேன். "கிசுகிசுன்னு பேசினா எல்லாக் குரலும் ஒண்ணுதான் தம்பி" என்றார். வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன ஒரே தத்துவம்.

போன வருஷம், யாரோ ஒரு பெண்ணின் அண்ணனிடமிருந்து தப்பியோடி அவர் இந்தக் கூடத்துக்குள் ஒளிய வந்தார். அங்கே ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடி, ஊதா நிறக் கம்பளிநூல், மடியில் பின்னல் ஊசி, ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து உயிர் போகக் கதறிக்கொண்டிருந்தார். கதறி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினார். யிப் ஸௌலான். நாங்களெல்லாம் லான் அக்கா என்போம்.

"என் ஹீரோயின் குரலா இது?" என்றார் சித்தோ அண்ணன்.

"எல்லா ஹீரோயினும் நான்தான், சித்தோ சார். பதினோரு படத்துல உங்களைக் காதலிச்சிருக்கேன். நாலுல செத்திருக்கேன்."

"கண்ணு..."

"கண்ணுன்னெல்லாம் கூப்பிடாதீங்க. உங்களைவிட மூணு வயசு மூத்தவ."

அக்கா என்று கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும். கண்ணு என்றால் அடி விழும். அன்றிலிருந்து சித்தோ அண்ணன் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்துவிடுவார்.

5

கூடத்துக்குக் கீழே ஒரு தேநீர்க்கடை. லான் அக்கா மக்ரோனியும் டோஸ்ட்டுமாக ஜன்னலோரம் உட்காருவார். எதிரே சித்தோ அண்ணன், பால் கலக்காத கறுப்புக் காபியோடு. வேறெதுவும் சாப்பிட மாட்டார். கேமரா எல்லாவற்றையும் கன்னத்தில் காட்டிவிடும். லான் அக்காவின் முதுகுக்குப் பின்னால், அடுத்த மேசையில், சித்தோ அண்ணனின் கண்ணில் படும்படி நான். எதற்கு என்கிறீர்களா? வசனம் மறந்தால் வாயசைத்துக் காட்ட.

(இந்த இடத்தில் நான் என் முட்டையைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். சோயா இரண்டு சொட்டு, மிளகு தூக்கல். இதை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

"உன்னைப் பாக்குறதுக்கு முன்னால, எனக்குக் கண்ணு எதுக்குன்னே தெரியல" என்று கிசுகிசுத்தார் சித்தோ அண்ணன்.

"மூணாவது படம், மழை சீன்" என்றார் லான் அக்கா, டோஸ்ட்டைக் கடித்தபடி. "நான் குடை பிடிச்சுக்கிட்டு 'பொய்'னு சொல்லணும். பொய்."

"சரி. 'உலகமே ஒரு பக்கம் நின்னாலும்...'"

"'தராசு உன் பக்கம்தான் சாயும்.' ஏழாவது படம். அதுல எனக்குக் காசநோய், பாதி வசனம் இருமல்தான்." திரும்பாமலே, முதுகால் என்னைக் கேட்டார்: "பின்னாடி டேபிள் தம்பி, தராசு கொஞ்சம் ஓவரா இல்ல?"

"முதலாளி கேட்டார்க்கா" என்றேன், முட்டைக்கு நடுவில்.

லான் அக்கா டீயை வைத்தார். அவருடைய டொரோண்டோ தங்கை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து விசாவும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது போய் "பேப்பர் வந்தாச்சா?" என்று கேட்கும் காலம் இது, பாதி ஊர் வெளிநாட்டில் குடியேறக் காத்திருக்கிறது. ரீமேக்கின் டப்பிங் முடிந்ததும் கிளம்புகிறார். அந்த ஊதா ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குத்தான்.

"சித்தோ சார், உங்க வாயிலிருந்து வர்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாரும் எழுதிக் குடுக்காத ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. டொரோண்டோவைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

பதினோரு படத்தின் காதல் மன்னன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"பின்னாடி டேபிளைப் பாக்காதீங்க" என்றார் லான் அக்கா.

6

(ஒரு சந்தேகம். பெண்பித்தன் மனம் மாறுவதை எழுதும்போது, அவன் மாறுவதற்கு ஒரு நல்ல பெண் வந்தே ஆகவேண்டுமா? இது பழைய ஏமாற்று. லான் அக்கா நல்ல பெண் அல்ல என்று எழுதிப் பார்த்தேன்: "ஸௌலான் கொடூரமானவள், அவளுடைய பின்னல் ஊசிகள்..." அடித்துவிட்டேன். நான் எழுதும் இந்த அறையிலிருந்து இரண்டு மாடி ஏறினால் டப்பிங் கூடத்தில் அவர் இருப்பார். படித்தால் ஊசியோடு வருவார்.)

7

கடைசிக் காட்சியை எடுத்த அன்று சித்தோ அண்ணன் துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் நின்றார். கேமரா, பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வேறொரு படகில். கம் முதலாளி ஒலிபெருக்கியோடு, நான் வெறுங்கையோடு. "இத்தனை வருஷம் நான் என்னத்தைக் கண்டேன்?" என்ற கேள்விக்குப் பதில் எழுத இரண்டு வாரம் உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் காற்று, வெறுமை, நிழல். ஒரே வாக்கியத்தில் நிழல் மூன்றுமுறை வந்தபோது பேனாவை மூடிவிட்டேன்.

"சீன் பேப்பர் எங்கடா?"

"வரல முதலாளி."

"எங்கேருந்து வரணும்? நீதானே எழுதணும்!" வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியை எடுத்தார். "சித்தோ! சும்மா வாயை அசை! என்ன வேணா பேசு! ஒரு நிமிஷம்! ஆனா அழு!"

இன்ஜின் சத்தத்தில் சித்தோ அண்ணன் பேசியது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. கன்னக்குழியைக் கேமராவுக்குக் காட்டவில்லை அவர். எதையோ ஒவ்வொன்றாக, பொறுமையாக, நினைவுபடுத்திச் சொல்வதுபோல் உதடு அசைந்தது. கண் தானாக நிறைந்தது. ஒளிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சினார். கம் முதலாளி ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்க மறந்து விம்ம, துறைமுகம் முழுக்க அது கேட்டது.*

* அந்த விம்மலைக் கேட்டு ஒரு சரக்குக் கப்பல் பதிலுக்குச் சங்கு ஊதியது. நம்ப மாட்டீர்கள் என்பதால் கதைக்குள் சேர்க்காமல் இங்கே கீழே வைத்திருக்கிறேன்.

8

டப்பிங் கூடம். வளையம் ஓடியது. திரையில் கலங்கிய கண்களோடு சித்தோ அண்ணன். ஒலிவாங்கியின் முன் சோய் அண்ணாச்சி, கையில் நான் ஒருவழியாக எழுதிய தாள்.

"ஓ காற்றே! நான் தொட்ட நிழல்களெல்லாம்..." அண்ணாச்சி நிறுத்தினார். "பொருந்தல தம்பி. இவன் எடுத்ததும் உதட்டை ஒட்டுறான். 'ம'ல ஆரம்பிக்குது."

"'மனமே'ன்னு வெச்சுக்கலாமா?"

"மனசுக்கு எவன் இவ்வளவு பெருசா வாயைத் திறப்பான்?" கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கென்னமோ மக்ரோனி மாதிரி இருக்கு."

மூலையில் பின்னிக்கொண்டிருந்த லான் அக்கா தலையைத் தூக்கினார். வாழ்நாளெல்லாம் உதடு பார்த்துப் பிழைக்கிறவர்.

"மக்ரோனிதான்" என்றார். "ஹாம் போட்டு."

வளையம் சுற்றியது.

"டோஸ்ட். ஓரம் வெட்டி." ஊசி நின்றது.

மறுபடி சுற்றியது.

"டீ. பால் கம்மியா."

கூரைக்கு மேலே விமானம் போனது. வழக்கம்போல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சத்தமில்லாத அந்தத் திரையில், பின்னால் கடல் தளும்ப, ஒரு மனிதர் தன் காதலியின் காலைப் பலகாரத்தைக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பெண்ணின் பெயரும் நினைவில் நிற்காத மனிதர்.

"இதை யார் எழுதுனது?" என்றார் லான் அக்கா, விமானம் போனபின்.

"யாரும் எழுதலக்கா. பேப்பரே போகல."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பைப் பதினோரு நாயகிகளாகக் கேட்டிருக்கிறேன். இது அந்தப் பதினொன்றில் எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு சுற்றுக்காகக் காத்திருந்தார்.

அந்த இடத்தில் நான் புரொஜெக்டரை நிறுத்தியிருக்க வேண்டும்.

"காபி. கறுப்பா. அது அவருக்கு" என்றார் லான் அக்கா. பிறகு, "முட்டை. ரெண்டு. பாதி வெந்தது" என்றார். பிறகு, "முட்டையா?"

வளையம் இன்னொரு முறை சுற்றியது.

"நான் முட்டை சாப்பிடறதில்லையே."

"சித்தோவும் தொடமாட்டான்" என்று உதவிக்கு வந்தார் சோய் அண்ணாச்சி. "பரு வரும்னு பயம்."

"அப்ப அந்த டேபிள்ல இன்னொருத்தி இருக்கா." ஊசிகள் மறுபடி ஓடத் தொடங்கின, முன்னைவிட வேகமாக. "என் மக்ரோனியையும் அவ முட்டையையும் ஒண்ணா சேர்த்து நினைச்சு அழுதிருக்கார். நல்ல மனசு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா! அது என்னுது! அந்த முட்டை என்னுது!"

லான் அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"எவ்வளவு வேகமா எழுதறீங்க தம்பி" என்றார்.

"சத்தியமாக்கா."

"சத்தியமும் நீங்கதானே எழுதுவீங்க. ஆறாவது படத்துல என் தலையில அடிச்சு ஒண்ணு பண்ண வெச்சீங்களே."

கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "முட்டையா? இந்தத் தெருவே அதைத்தான் தின்னுது" என்றார் அவர், டீ பாக்கிக்குச் சோய் அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே. லான் அக்கா மறுநாளிலிருந்து காலையில் வேறு மேசை பார்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

9

கம் முதலாளிக்கு விஷயம் போனது. அவருக்கு முட்டையில் அக்கறையில்லை. "ஷாட் பிரமாதம். மறுபடி எடுக்கக் காசில்லை. மக்ரோனிக்குப் பொருந்துற மாதிரி மனசாட்சி எழுது" என்றார். இலக்கியத்தின் வரலாற்றில் இப்படியொரு யாப்பு யாருக்கும் விதிக்கப்பட்டதில்லை.

சித்தோ அண்ணனைப் பார்க்கப் போனேன். கிசுகிசுக்கவில்லை, வாத்துக் குரலிலேயே பேசினார்.

"வாயை அசைன்னான். பசி வேற. என்ன பேசுறதுன்னு தெரியல. நம்ம கடையில உக்காந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டேன். நாம மூணு பேரும். இத்தனை வருஷத்துல நான் யாரையும் எதுவும் பண்ணாம சும்மா உக்காந்திருந்த இடம் அது ஒண்ணுதான்னு தோணுச்சு. கண்ணு தண்ணியா வந்துருச்சு."

"அண்ணே! இதை அப்படியே அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க!"

"சொன்னேனே. முட்டை தம்பியோடதுன்னும் சொன்னேன். 'ரெண்டு பேரும் ஒரே வசனத்தைச் சொல்றீங்க, ஒத்திகை பாத்தீங்களா?'ன்னு கேக்குறாங்க." தரையைப் பார்த்தார். "பத்து வருஷம் நீ நல்லா எழுதிட்ட தம்பி. அதான் பிரச்சினை."

"என் பேரு என்னண்ணே?"

யோசித்தார். நெற்றி சுருங்கியது. உண்மையிலேயே முயற்சி செய்தார்.

"அதெல்லாம் எதுக்குத் தம்பி இப்ப? முட்டை ரெண்டு, பாதி வெந்தது, மிளகு தூக்கலா, சோயா ரெண்டு சொட்டு. சொட்டு மூணாச்சுன்னா திருப்பி அனுப்பிடுவ."

10

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கை டாக் விமான நிலையம். சித்தோ ஓடுகிறார். "நில்லுங்கள்!" என்று தன் சொந்தக் குரலில் கத்துகிறார். வாத்துக் குரலைக் கேட்டு லான் அக்கா திரும்பி— நான்காவது படத்தில் இதே ஓட்டம் இருக்கிறது. அவர் சுங்கச் சோதனை வரிசையிலேயே ரீல் எண்ணைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் முடிவு: கல்யாணம். சுட்ட பன்றி, இந்த முறை செருப்பு இல்லாமல். மேசைக்கு மேசை வாழ்த்துக் கோப்பை. எனக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளரில்— ரொம்ப இனிப்பு. எனக்கே பரு வரும்.

மூன்றாம் முடிவு: லாரி. (முதலாளியின் பழைய யோசனை. யார்மேல் ஏற்றுவது என்று முடிவாகவில்லை. என்மேல் ஏற்றச் சொல்லி மூன்று பேருமே கேட்பார்கள்.)

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நான் எழுதுகிறவன். நான் சொல்லும் உண்மையும் வசனமாகத்தான் காதில் விழுகிறது. சித்தோ அண்ணன் நடிக்கிறவர். அவர் நிலைமை இன்னும் மோசம். பாக்கியிருப்பது நீங்கள்தான். நீங்கள் இந்தப் படத்தில் சம்பளம் வாங்கவில்லை. ஐந்தாம் பகுதியில், லான் அக்காவின் முதுகுக்குப் பின்னால், அந்த முட்டையை நான் குடித்ததை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள்.

என்ன? அந்த அடைப்புக்குறியை நான் பிறகு போய்ச் செருகியிருக்கலாம் என்கிறீர்களா?

நீங்களுமா?

சரி. சந்தேகத்தோடேயே போங்கள். டோ குவா வான், டப்பிங் கூடத்துக்குக் கீழே தேநீர்க்கடை. காலையில் போனால் இருப்பார்: மூக்குக்கண்ணாடி, ஊதா ஸ்வெட்டர், ஒரு கை இன்னும் பாக்கி. அந்தக் கை முடிந்தால் கிளம்பிவிடுவார். எதிர் நாற்காலி காலி. ஜன்னலோரம் தூரத்தில், தைரியம் வராமல், ஒரு கறுப்பு காபியின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். லான் அக்காவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள்: "அக்கா, அந்த முட்டை பின்னாடி டேபிள்காரரோடது."

எப்படித் தெரியும் என்று கேட்பார். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கதையில் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.